மேடையும் செவியும்: இசைக்குழுக்களின் ஒலிக்கருவிகள் வளர்ந்த வரலாறு

பாட்டு மிகப் பழையது. அதனைப் பெருக்கித் தரும் மின்கருவியோ மிகப் புதியது. எண்ணிறந்த தலைமுறைகளாக மனிதன் தன் மூச்சின் வலிமையையும், நரம்பும் தோலும் துளைக்கருவியும் தந்த ஓசையையுமே நம்பிப் பாடி வந்தான். மின்னாற்றலைத் துணைக்கொண்டு குரலைப் பெருக்கும் கலை தோன்றி நூறாண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகின்றது. இச்சிறு காலத்தில் அக்கலை கண்ட ஏற்றமும் பட்ட இடர்ப்பாடும் பலவாகும். அவற்றை முறையாக அறிந்துகொள்வது வெறும் பொழுதுபோக்கன்று. கையில் காசை வைத்துக்கொண்டு கடை வாசலில் தயங்கி நிற்கும் இளைஞர்களுக்கு அது நல்லதொரு வழிகாட்டியும் ஆகும்.

இன்று நம் ஊர்களில் திருமணத்திற்கும் பிறந்தநாள் விருந்துக்கும் கலைநிகழ்ச்சிக்கும் சென்று வாசிக்கும் குழுக்கள் பல. நான்கைந்து நண்பர்கள் கூடி ஒரு குழுவைத் தொடங்குகின்றனர். கருவி வாங்கக் கடைக்குச் செல்கின்றனர். அவர்கள் எழுப்பும் முதல் வினா, "இஃது எத்தனை வாட்?" என்பதே. கடைக்காரரும் அந்த எண்ணைத்தான் பெட்டியின் மேல் பெரிதாக ஒட்டி வைத்திருக்கிறார். பல மாத ஊதியம் அந்த எண்ணை நம்பிக் கைமாறுகிறது. பின்னர் மேடை ஏறினால் பாட்டின் சொல் விளங்குவதில்லை, ஒலிவாங்கி ஊளையிடுகிறது, பாடுபவருக்குத் தம் குரலே கேட்பதில்லை. குறை எங்கே நேர்ந்தது?

ஒலிபெருக்கிக் கலை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும்தான் பெரிதும் வளர்ந்தது. ஆதலின் இவ்வினாவுக்கு விடையையும் அந்நாடுகளின் வரலாற்றில்தான் தேடவேண்டும். அதனை ஊன்றிக் கற்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். இசைக்குழு ஒன்று கருவி தேரும்போது இரண்டு செவிகளை மனத்திற்கொள்ள வேண்டும். ஒன்று, கூடத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரின் செவி; மற்றொன்று, மேடையில் நின்று பாடுபவரின் செவி. இவ்விரண்டில் ஒன்றை மறந்த போதெல்லாம் பெரும்பொருள் செலவிட்ட குழுக்களும் தோல்வியுற்றன. இதனை ஒவ்வொரு காலமாகக் காண்போம்.

மண்டபமும் ஒரு கருவியே

மின்கருவி வருவதற்கு முன்னரே அறிஞர் ஒருவர் இத்துறைக்கு அடிப்படையிட்டார். 1895ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய கலைக்கூடம் ஒன்றில் விரிவுரை மண்டபம் ஒன்றிருந்தது. அங்கே பேராசிரியர் பேசினால் மாணவர்க்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஒரு சொல்லின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த பல சொற்கள் வந்து அதன்மேல் விழுந்தன. இக்குறையைத் தீர்க்குமாறு வாலஸ் சாபின் என்னும் இளம் பௌதிக ஆசிரியரைப் பணித்தனர். அவர் இரவு வேளைகளில் அருகிலிருந்த அரங்கிலிருந்து மெத்தைகளைக் கொண்டுவந்து அம்மண்டபத்தில் பரப்பினார். ஆர்கன் குழாய் ஒன்றை ஒலிக்கச் செய்து, ஒலி அடங்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்தார். மெத்தைகள் மிகமிக ஒலி விரைந்து அடங்கிற்று. இவ்வாய்வின் பயனாக மண்டபத்தின் பருமனுக்கும், அதிலுள்ள பொருள்கள் ஒலியை உறிஞ்சும் திறனுக்கும், எதிரொலி நீடிக்கும் காலத்திற்கும் உள்ள தொடர்பை அவர் விதியாக வகுத்தார். 1900ஆம் ஆண்டு திறந்த பாஸ்டன் இசையரங்கம் அவ்விதியைத் தழுவிக் கட்டியதாகும்.

இதனால் நாம் பெறும் முதற்பாடம் தெளிவானது. கருங்கல் தரையும் கண்ணாடிச் சுவரும் கொண்ட கூடத்தில் ஒலியை மேலும் பெருக்கினால் குழப்பமே பெருகும். ஆள் நிறைந்த கூடம் ஒருவகை. ஆளில்லாக் கூடம் வேறுவகை. ஏனெனில் மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுகின்றன. மாலையில் வெறுங்கூடத்தில் ஒத்திகை பார்த்துச் சரிசெய்த ஒலி, இரவில் மக்கள் நிறைந்தபின் மாறிவிடுவதன் காரணம் இதுவே.

பெருங்குரல் பிறந்த கதை

குரலை மின்சாரத்தால் பெருக்குவதற்கு மூன்று உறுப்புகள் வேண்டும். ஒலியை மின்னோட்டமாக மாற்றும் ஒலிவாங்கி ஒன்று. அம்மின்னோட்டத்தை வலுப்படுத்தும் பெருக்கி இரண்டாவது. வலுப்பெற்ற மின்னோட்டத்தை மீண்டும் ஒலியாக்கும் ஒலிபெருக்கி மூன்றாவது. இந்நாள் வரை எத்தனை விந்தைகள் வந்தபோதிலும் இம்மூன்றின் வரிசை மாறவில்லை.

டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய பீட்டர் ஜென்சன் என்பவரும், எட்வின் பிரிட்ஹாம் என்பவரும் கலிபோர்னியாவின் நாபா என்னும் ஊரில் ஆய்வு நடத்தினர். காந்தத்தின் இடையே கம்பிச்சுருள் அசைந்து, அவ்வசைவு ஒரு கூம்பின் வழியே பேரொலியாக வெளிப்படும் கருவியை அவர்கள் அமைத்தனர். 1915ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முதல்நாள் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் திரண்டிருந்த பெருங்கூட்டத்திற்கு இசையையும் பேச்சையும் அக்கருவி எடுத்துச் சென்றது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் மக்னாவாக்ஸ். இலத்தீன் மொழியில் அதற்குப் பெருங்குரல் என்று பொருள். 1919இல் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் சான் டியேகோ நகரத் திறந்தவெளியில் பல்லாயிரவர்க்கு உரையாற்றியதும் இக்கருவியின் துணையினாலேயே. லீ டி ஃபாரஸ்ட் 1906இல் அமைத்த மூன்று மின்முனைக் குழல், பெருக்கி என்னும் நடு உறுப்புக்கு உயிர் தந்தது.

கூம்பு ஒலிபெருக்கிக்கு ஒரு சிறப்புண்டு. சிறிதளவு மின்னாற்றலைக் கொண்டே ஒலியை நெடுந்தொலைவு செலுத்திவிடும். நம் தோட்டக் கோயில் திருவிழாக்களில் கம்பத்தின் உச்சியில் கட்டிய கூம்பு, அடுத்த பிரிவு வரை பாட்டைக் கேட்கச் செய்ததை நாம் அறிவோம். ஆயின் அதற்கு ஒரு குறையும் உண்டு. தாழ்ந்த ஒலிகள் அதன்வழி வெளிவருவதில்லை. அறிவிப்புக்கு ஏற்றதாகிய அது முழு இசைக்குழுவுக்குப் போதாது. 1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் காகிதக் கூம்பு நேரடியாகக் காற்றை அசைக்கும் ஒலிபெருக்கியின் இலக்கணத்தை வகுத்து வெளியிட்டனர். இன்று நம் வீட்டு வானொலியிலும் மேடைப் பெட்டியிலும் உள்ளது பெரும்பாலும் அவ்வகையே.

மெல்லிய குரலுக்கு வந்த வாழ்வு

1920களின் நடனக் குழுக்களில் பாடகரின் நிலை இரங்கத்தக்கதாயிருந்தது. பித்தளைக் குழல்களின் முழக்கத்தை எதிர்த்து அவர் பாடவேண்டும். ரூடி வாலி என்னும் புகழ்பெற்ற பாடகர் கையில் ஒரு பேசுகூம்பைப் பிடித்துக்கொண்டு பாடினார். ஒலிவாங்கி மேடைக்கு வந்தபின் இந்நிலை மாறியது. பிங் கிராஸ்பி போன்றோர் உரத்துப் பாடும் முறையை விட்டு, அருகிலிருப்பவரிடம் பேசுவது போல மென்மையாகப் பாடினர். பல்லாயிரவர் கேட்கும் பாட்டு ஒருவர் செவியில் சொல்லும் பாட்டாக மாறியது. ஒரு கருவி பாடும் முறையையே மாற்றிவிட்டது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் புதிய துன்பம் ஒன்றும் உடன் வந்தது. ஒலிபெருக்கியிலிருந்து புறப்படும் ஒலி மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து, மறுபடியும் பெருகி, மறுபடியும் புகுந்து, கடைசியில் ஊளையாக வெடிக்கிறது. இதனை ஆராய்ந்த டென்மார்க்கு நாட்டுப் பௌதிக அறிஞர் சோரன் லார்சனின் பெயரால் இது லார்சன் விளைவு எனப்படுகிறது. எல்லாத் திசையிலிருந்தும் ஒலியைப் பற்றும் ஒலிவாங்கியில் இத்துன்பம் மிகுதி. 1939இல் ஷூர் நிறுவனம், பெஞ்சமின் பாவர் என்னும் பொறியியலாளர் அமைத்த யூனிடைன் ஒலிவாங்கியை வெளியிட்டது. அது முன்னாலிருந்து வரும் ஒலியை நன்கு ஏற்று, பின்னாலிருந்து வருவதைப் பெரிதும் தள்ளியது. அவ்வழி வந்ததே 1966இல் அந்நிறுவனம் வெளியிட்ட எஸ்.எம். 58. உருண்டைத் தலையுடன் கூடிய அந்த ஒலிவாங்கியை இன்றும் உலகெங்கும் மேடைகளில் காணலாம். அறுபது ஆண்டாகக் கருவிகள் எத்தனையோ தோன்றி மறைய, இஃது ஒன்று நிலைத்தது ஏன்? கீழே விழுந்தாலும் உடையாத உறுதியும், அயலொலியை விலக்கும் இயல்புமே காரணம். ஊர் ஊராகச் செல்லும் குழுவுக்கு வேண்டிய குணங்கள் இவை இரண்டும்.

கிதார் முந்தியது, குரல் பிந்தியது

பெருங்குழுக்களில் கிதார் ஓசை கேட்பதே அரிது. ஆகவே கம்பியின் அதிர்வை நேரே மின்னோட்டமாக மாற்றும் முயற்சி எழுந்தது. 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போஷாம்ப் வகுத்த மின்கிதாரை ரிக்கன்பேக்கர் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்தது. 1936இல் கிப்சன் நிறுவனத்தின் ஈ.எஸ். 150 வந்தது. அதனை ஏந்தி 1939இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், பின்னணியில் ஒதுங்கியிருந்த கிதாரை முன்னணிக்குக் கொண்டுவந்தார். 1951இல் லியோ ஃபெண்டர் மின்பாஸ் கிதாரை வெளியிட்டார். ஆளுயரப் பெருவயலின் செய்த வேலையைத் தோளில் தொங்கும் கருவி செய்யத் தொடங்கியது. பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழு நால்வராகச் சுருங்கியதற்கு இக்கருவிகளும் ஒரு காரணம்.

இங்கிலாந்தில் டாம் ஜென்னிங்சின் நிறுவனம், டிக் டென்னி என்னும் வல்லுநரின் துணையோடு வாக்ஸ் என்ற பெயரில் பெருக்கிகளைச் செய்தது. அவற்றுள் 30 வாட் ஆற்றலுள்ள ஏ.சி. 30 பெரும்புகழ் பெற்றது. இலண்டனின் ஹான்வெல் பகுதியில் முரசுக் கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷல் 1962இல் தம் பெருக்கிகளைச் செய்யத் தொடங்கினார். 1965இல் தி ஹூ குழுவினர் வேண்ட, 100 வாட் பெருக்கியையும் செய்தளித்தார். இவ்வாறு கிதாரின் ஓசை ஆண்டுக்காண்டு உயர்ந்தது. குரலின் நிலை என்ன? பாடகர் அந்தந்த மண்டபத்தில் அறிவிப்புக்காக வைத்திருந்த ஒலிபெருக்கியையே நம்பியிருந்தார். கிதார் வளர்ந்த வேகத்தில் குரலுக்கான கருவி வளரவில்லை. இக்குறை முற்றி வெடித்த நாள் ஒன்று உண்டு.

ஷே மைதானம் புகட்டிய பாடம்

1965 ஆகஸ்ட் 15ஆம் நாள், நியூயார்க்கின் ஷே பேஸ்பால் மைதானத்தில் பீட்டில்ஸ் குழுவினர் பாடினர். ஏறத்தாழ 55,600 பேர் கூடியிருந்தனர். அக்குழுவினருக்கென வாக்ஸ் நிறுவனம் 100 வாட் பெருக்கிகளைத் தந்திருந்தது. குரலோ மைதானத்தின் அறிவிப்பு ஒலிபெருக்கிகளின் வழியே சென்றது. இரசிகர்களின் கூச்சலில் எல்லாம் மூழ்கிப்போயின. பாடியவர்களுக்குத் தம் பாட்டே சரியாகக் கேட்கவில்லை. உலகத்தில் மிகுந்த புகழும் செல்வமும் பெற்றிருந்த ஒரு குழுவுக்கு நேர்ந்த நிலை இது. அடுத்த ஆண்டு, 1966 ஆகஸ்ட் 29ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் பாடியதோடு அவர்கள் மேடைப் பயணத்தை நிறுத்திக்கொண்டனர். அதற்குக் காரணங்கள் பலவாயினும், தம் இசை தமக்கே கேட்காத மேடை அவற்றுள் ஒன்று.

30 வாட்டிலிருந்து 100 வாட்டுக்கு உயர்த்தியும் பயன் விளையாதது எதனால்? இங்கே சிறிது கணக்குப் பார்க்கவேண்டும். ஒலியின் அளவை டெசிபல் என்னும் அலகால் குறிக்கிறோம். மின்னாற்றலை இருமடங்காக்கினால் 3 டெசிபல் மட்டுமே கூடும். நம் செவிக்கு ஒலி இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூடவேண்டும்; அதற்குப் பத்து மடங்கு மின்னாற்றல் தேவை. ஆகவே 30 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு 5 டெசிபல் அளவே. காசில் மும்மடங்கு, காதில் இருமடங்குகூட இல்லை.

தொலைவின் கணக்கு இதனினும் கடுமையானது. திறந்தவெளியில் தொலைவு இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். ஒலிபெருக்கியிலிருந்து 1 மீட்டர் தொலைவில் 100 டெசிபல் ஒலிக்கும் பாட்டு, 2 மீட்டரில் 94, 4 மீட்டரில் 88 எனக் குறைந்து, 64 மீட்டரில் 64 டெசிபலாகிவிடும். இஃது இருவர் இயல்பாக உரையாடும் ஒலியைவிடச் சற்றே மிகுதி. இரசிகர்கள் கூவும்போது அவ்வொலி எங்கே கேட்கும்? முன்வரிசையார் செவியைப் பொத்திக்கொள்ள, பின்வரிசையார் செவியைத் தீட்டிக்கொண்டிருப்பது இதன் விளைவே.

வகுப்பறை அறிந்த விதி

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதல் நெறி. ஆகவே வகுப்பறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். மாணவர் இரைச்சலிடும்போது ஆசிரியர் குரலை உயர்த்தினால் இரைச்சல் அடங்குவதில்லை, அதுவும் உயர்கிறது. சூழ்ந்த ஓசை மிகுந்தால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறான் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911இல் எடுத்துக்காட்டினார். லொம்பார் விளைவு என்று அதற்குப் பெயர். மேடையிலும் இதுவே நிகழ்கிறது. முரசுக்காரர் ஓங்கி அடிக்கிறார், கிதார்க்காரர் தம் ஓசை கேட்கவில்லை என்று திருகியைத் திருப்புகிறார், பாடகர் கத்துகிறார், முரசுக்காரர் மேலும் ஓங்குகிறார். நிகழ்ச்சி முடிவதற்குள் தொண்டை கட்டிவிடுகிறது, சுருதியும் விலகிவிடுகிறது.

இதற்கு மருந்து, பாடுபவருக்கே அவர் குரலைத் திருப்பித் தரும் ஒலிபெருக்கி. மானிட்டர் என்று மேடைக் கலைஞர்கள் கூறுவது இதனையே. 1961ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் ஜூடி கார்லண்ட் பாடிய நிகழ்ச்சியில் மெக்கூன் நிறுவனத்தார் மேடையின் பக்கத்தே அவருக்காக ஒலிபெருக்கி வைத்தனர். இவ்வகையில் பதிவு பெற்ற முதல் நிகழ்ச்சியாக அதனைக் குறிப்பர். எனினும் அவ்வழக்கம் பரவப் பல ஆண்டுகள் ஆயின.

கடைசி வரிசையின் செவிக்கு மருந்து தேடியவர்களுள் இருவரைக் குறிப்பிடவேண்டும். இங்கிலாந்தில் சார்லி வாட்கின்ஸ் என்பவர் 1967இல் விண்ட்சர் இசைவிழாவுக்கு ஆயிரம் வாட் ஒலிபெருக்கி அமைப்பைக் கொணர்ந்தார். சிறு பெருக்கிகள் பலவற்றை ஒன்றோடொன்று இணைத்து ஒரே பெருக்கிபோல் இயக்கியது அவர் கையாண்ட வழி. குரலுக்கென்றே தனிக் கருவி வேண்டும் என்பதை அந்நாட்டுக் குழுக்கள் அதன்பின் உணரலாயின. அமெரிக்காவில் பில் ஹான்லி என்பவர் 1969 ஆகஸ்டில் நடந்த வுட்ஸ்டாக் இசைவிழாவுக்கு ஒலி அமைத்தார். கூடியவர்கள் நான்கு இலட்சம் பேர் என்பர். அவர் ஒலிபெருக்கிகளை உயர்ந்த கோபுரங்களில் ஏற்றி, மலைச்சரிவில் அமர்ந்த மக்களை நோக்கித் திருப்பினார். முன்வரிசையாரின் தலைக்கு மேலாக ஒலி சென்றதனால் பின்வரிசையாரும் கேட்க முடிந்தது. ஒலிபெருக்கியைத் தலைக்கு மேல் உயர்த்துக என்னும் எளிய விதியை இன்றைய சிறு குழுக்களும் பின்பற்றலாம். அதற்குத் தேவை இரண்டு முக்காலிகளே.

மதில் எழுந்தது; மதில் விழுந்தது

இரண்டு செவிகளுக்கும் ஒரே மருந்து காண முனைந்த துணிச்சலான முயற்சி 1974இல் நடந்தது. கிரேட்ஃபுல் டெட் என்னும் அமெரிக்கக் குழுவினர், ஒலிபெருக்கிகளைத் தமக்கு முன்னே வைக்காமல் முதுகுக்குப் பின்னே மதில்போல் அடுக்கினர். ஒலிமதில் என்றே அதற்குப் பெயராயிற்று. சுமார் 600 ஒலிபெருக்கிகள். 26,000 வாட்டுக்கு மேற்பட்ட ஆற்றல். எடை ஏறத்தாழ 75 டன். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி ஒலிபெருக்கி வரிசை. மக்கள் கேட்பதையே பாடகரும் கேட்டனர். தனி மானிட்டர் வேண்டியிருக்கவில்லை.

பின்னாலிருந்து இவ்வளவு ஒலி ஒலிவாங்கிக்குள் பாய்ந்தால் ஊளையிடாதோ? அதற்கும் அவர்கள் ஒரு வழி கண்டனர். ஒவ்வொரு பாடகர் முன்னும் இரண்டு ஒலிவாங்கிகளை ஒன்றின்மேல் ஒன்றாக, ஒன்றுக்கொன்று எதிர்முனையாக இணைத்து வைத்தனர். பாடகர் மேலுள்ளதில் மட்டும் வாய்வைத்துப் பாடுவார். மதிலின் ஒலி இரண்டிலும் சமமாகப் புகுந்து ஒன்றை ஒன்று அழித்துவிடும். குரல் மட்டும் எஞ்சும். அறிவு நிறைந்த ஏற்பாடு இது.

ஆயின் அம்மதில் அவ்வாண்டு அக்டோபர் மாதத்தைத் தாண்டவில்லை. அதனைக் கட்டவும் பிரிக்கவும் பல லாரிகளும் பெரும் ஆட்படையும் வேண்டியிருந்தன. ஒரு மேடையில் நிகழ்ச்சி நடக்கும்போதே அடுத்த ஊரில் மற்றொரு சாரத்தை எழுப்பவேண்டியிருந்தது. கிடைத்த வருவாயைச் சுமைகூலியே விழுங்கியது. ஒலியால் வென்ற கருவி சுமையால் தோற்றது. ஊர் ஊராகச் செல்லும் குழுவுக்குத் தூக்க முடியாத கருவி கருவியே ஆகாது என்னும் உண்மையை 75 டன் எடையிட்டு எழுதிவைத்தது அம்மதில்.

சுமை குறைந்த காலம்

அடுத்து வந்த முன்னேற்றங்களுள் பல, எடையைக் குறைத்த முன்னேற்றங்களே. 1980களில் தோன்றிய நியோடைமியம் காந்தம், சிறிய உருவிலேயே பெருவலிமை கொண்டது. டி வகுப்பு என வழங்கும் பெருக்கிகள் மின்னாற்றலை வெப்பமாக வீணாக்காமல் ஒலியாக்கின. ஆகவே கனத்த உலோகத் தகடுகள் தேவைப்படவில்லை. பெருக்கியைத் தன்னுள்ளேயே அடக்கிய ஒலிபெருக்கிப் பெட்டிகள் பரவின. 1999இல் மாக்கி நிறுவனம் வெளியிட்ட எஸ்.ஆர்.எம். 450 அவ்வகையில் பெயர் பெற்றது. இன்ன பெருக்கிக்கு இன்ன ஒலிபெருக்கி பொருந்தும் என்று கணக்கிட்டு மயங்கும் துன்பம் இதனால் ஒழிந்தது.

பேரரங்குகளில் 1992இல் பிரான்சு நாட்டுக் கிறிஸ்டியன் ஹைல் அமைத்த வி-டாஸ்க் முறை புதுவழி திறந்தது. ஒலிபெருக்கிகளை மேலிருந்து கீழாகத் தொடராகத் தொங்கவிட்டால், ஒலி மேலும் கீழும் சிதறாமல் மக்களை நோக்கியே செல்லும். அத்தொடரிலிருந்து விலகிச் செல்லச் செல்ல ஒலி குறையும் வேகமும் ஓரளவு தணியும். 2003இல் போஸ் நிறுவனம் எல்-1 என்னும் மெல்லிய தூண் ஒலிபெருக்கியைச் சிறு குழுக்களுக்கென வெளியிட்டது. அத்தூணைக் கலைஞரின் பின்னே நிறுத்துவர். அவர் கேட்பதையே மக்களும் கேட்பர். கிரேட்ஃபுல் டெட் குழுவினர் 75 டன் சுமந்து தேடிய அதே கருத்து, 29 ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் எடுத்துச் செல்லும் அளவுக்குச் சுருங்கி வந்தது. தோற்ற முயற்சியிலும் நல்ல கருத்து அழிவதில்லை.

வரலாறு வகுக்கும் நெறிகள்

இதுகாறும் கண்டவற்றிலிருந்து குழு நடத்துவோர் கொள்ளத்தக்க நெறிகளைத் தொகுத்துரைப்போம்.

முதலாவது, வாங்குமுன் இடத்தை எண்ணுக. நாம் பெரும்பாலும் வாசிக்கும் கூடம் எத்தகையது? கடைசி வரிசை எவ்வளவு தொலைவு? நூறு பேர் அமரும் கூடத்துக்கு முக்காலியில் உயர்த்திய இரண்டு நல்ல பெட்டிகள் போதும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் திடல் நிகழ்ச்சிக்கெனப் பெரிய கருவியை வாங்கி ஆண்டெல்லாம் சுமக்கவேண்டா. அன்றைக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்க.

இரண்டாவது, வாட் எண்ணில் மயங்கற்க. ஒரு பெட்டி 1 மீட்டரில் எத்தனை டெசிபல் தருகிறது, எவ்வளவு அகலத்துக்கு ஒலியைப் பரப்புகிறது என்று கேளுங்கள். இவ்விரண்டுக்கும் விடை கூறாத விளம்பரம் பாதி விளம்பரமே.

மூன்றாவது, பணத்தைக் குரலுக்கு முதலில் ஒதுக்குக. மக்கள் பாட்டின் சொல்லைக் கேட்கவே வருகின்றனர். நல்ல ஒலிவாங்கியும் தெளிந்த ஒலிபெருக்கியும் அமைந்தபின் எஞ்சிய பணத்தில் மற்றவற்றை வாங்கலாம். ஒலிவாங்கி எப்போதும் ஒலிபெருக்கிக்குப் பின்னே இருக்கட்டும். அதன் முகம் பாடகரை நோக்கட்டும்.

நான்காவது, பாடுபவரின் செவியை மறவாதீர். ஒரு சிறு மானிட்டராவது மேடையில் இருத்தல் வேண்டும். அஃது இல்லையேல், கருவி வாசிப்போர் தம் ஓசையைத் தணிப்பதே வழி. மேடை தணிந்தால் கூடம் தெளியும்.

ஐந்தாவது, தூக்கிப் பார்த்து வாங்குக. இருவர் தூக்கி, ஒரு வண்டியில் ஏற்றி, அரைமணி நேரத்தில் பொருத்த முடியாத கருவி, நள்ளிரவில் மழையில் திரும்பும்போது பகையாகும். கம்பி வடங்கள் தேவைக்கு மேல் இரண்டு இருக்கட்டும்.

ஆறாவது நெறி உயிரைப் பற்றியது. 1972 மே மாதம் இங்கிலாந்தின் அண்டைப் பகுதியாகிய வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிதார்க் கலைஞர் லெஸ் ஹார்வி, மின்கசிவுள்ள ஒலிவாங்கியைத் தொட்டபோது மேடையிலேயே மின்தாக்கி மாண்டார். நில இணைப்புச் சரியாக அமையாததே காரணம். ஆகவே மண்டபத்து மின்முனையைச் சோதிக்காமல் ஒரு கருவியையும் செருகாதீர். மூன்று முனைச் செருகியின் எர்த் முனையை ஒடித்துவிட்டுப் பொருத்தும் வழக்கம் கொலைக்கு ஒப்பான வழக்கம்.

செவியைக் காப்பது கடன்

இறுதியாக, மீட்க முடியாத ஓர் இழப்பைப் பற்றிக் கூறவேண்டும். 1976 மே 31ஆம் நாள் இலண்டனின் சார்ல்டன் கால்பந்துத் திடலில் தி ஹூ குழுவினர் நடத்திய நிகழ்ச்சியில், ஒலிபெருக்கியிலிருந்து 32 மீட்டர் தொலைவில் 126 டெசிபல் ஒலி பதிவாயிற்று. உலகிலேயே பேரொலி எழுப்பிய குழு என்று கின்னஸ் நூல் அவர்களைப் பதிந்தது. பின்னாளில் அந்நூலார் செவிக்கேடு கருதி அவ்வகைப் போட்டியைப் பதிவதையே விட்டனர். அக்குழுவின் பீட் டவுன்சென்ட் தமக்கு நேர்ந்த செவிக்கேட்டைப் பின்னர் வெளிப்படையாகவே எடுத்துரைத்தார்.

தொழிலாளர் நலம் ஆயும் அமெரிக்க அரசு நிறுவனம் 1998இல் வகுத்த அளவின்படி, 85 டெசிபல் ஒலியில் ஒருவர் நாளுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒலி 3 டெசிபல் கூடுந்தோறும் அந்நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் கால் மணி நேரமே எல்லை. உலகச் சுகாதார நிறுவனமும் 2022இல் இசை அரங்குகளுக்கு, கால் மணி நேரச் சராசரியில் 100 டெசிபலைத் தாண்டலாகாது என்று வரையறுத்தது. மூன்று மணி நேரம் மேடையில் நிற்கும் நம் இளைஞர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெட்டி பழுதானால் வேறு பெட்டி வாங்கலாம். உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. திருமணக் கூடத்தில் ஒலிபெருக்கியின் எதிரே அமர்ந்திருக்கும் கைக்குழந்தைக்கும் அதே செவிதான். எழுந்து போகும் உரிமைதான் அதற்கு இல்லை.

1915இல் பெருங்குரல் என்று பெயரிட்டுத் தொடங்கிய இக்கலை, பெருமையிலிருந்து தெளிவை நோக்கி நடந்த வரலாறே நாம் கண்டது. கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டிக்குச் சொல் விளங்கவேண்டும். பாடும் பிள்ளைக்குத் தன் சுருதி கேட்கவேண்டும். இருவரும் மறுநாள் காலையில் காது நலமாய் எழவேண்டும். இம்மூன்றையும் தரும் கருவி எவ்வளவு சிறிதாயினும் அதுவே நல்ல கருவி. இளைஞர்கள் கடைக்குச் செல்லுமுன் இவ்வரலாற்றை ஒருமுறை நினைந்து செல்வார்களாக.